மரபைக் காப்பவர் யார்?

வைகாசித் திங்கள் பிறந்துவிட்டால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலுமுள்ள ஊர்களுக்கு ஒரு புதுக் களை வந்துவிடும். ஆண்டின் பெரும்பகுதியும் மூடிக்கிடந்த கண்ணகை அம்மன் கோயில்கள் பல, கதவு திறத்தல் என்னும் சடங்கோடு விழித்தெழும். இரவுகளில் வழக்குரை பாடப்படும். இறுதியிற் குளிர்த்தி நடைபெறும். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்துண்டில் அமைந்த எங்கள் செட்டிபாளையமும் அத்தகைய ஊர்களுள் ஒன்று. ஊர்சுற்றுக் காவியம் எண்ணிச் சொல்லும் கண்ணகை பதிகளின் வரிசையில் இவ்வூரின் பெயரும் இடம்பெற்றிருப்பதில் எங்களவர்க்கு ஒரு சிறு பெருமிதம் உண்டு.

குளிர்த்தி முடிந்த ஒரு விடியற்காலையிற் கோயில் வீதியில் விரித்திருந்த பாயில் அமர்ந்திருந்தேன். அயலூர்ப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் அருகில் வந்தமர்ந்து, “ஐயா, அமெரிக்காவிலே பழமை பேணுவோரின் வருங்காலம் என்னாகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று வினவினார். இரவு முழுதும் கண்விழித்த களைப்பில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வேளையில், இந்த இடத்தில் இப்படியொரு வினாவா என்று எண்ணினேன். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா என்னைவிட்டு அகலவில்லை. அவர் கேட்டதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது பின்னரே புலப்பட்டது.

அமெரிக்கச் செய்தியை முதலிற் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1951 இல், யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த வில்லியம் பக்லி என்னும் இளைஞர், தம்மைப் பயிற்றிய அப்பல்கலைக்கழகமே முன்னோரின் சமய நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டது என்று குற்றஞ்சாட்டி ஒரு நூல் எழுதினார். 1953 இல் ரஸ்ஸல் கேர்க் என்பார் இக்கொள்கையினர்க்கு ஒரு சிந்தனைப் பரம்பரையை வகுத்துக் கொடுத்தார். 1955 இற் பக்லி ‘நஷனல் ரிவ்யூ’ என்ற இதழைத் தொடங்கினார். 1982 இல், சட்டம் பயிலும் மாணவர் சிலர் ‘பெடரலிஸ்ட் சொசைற்றி’ என்ற சங்கத்தை நிறுவினர். அன்று அதனைப் பெரிதாக எண்ணியோர் மிகச் சிலரே. நாற்பது ஆண்டுகள் சென்றன. 2022 இல், கருக்கலைப்பு உரிமையை ஏற்ற 1973 ஆம் ஆண்டின் தீர்ப்பை அந்நாட்டின் மீயுயர் நீதிமன்றம் தள்ளிவைத்தபோது, அம்முடிவுக்கு வாக்களித்த நீதியரசருட் பெரும்பாலோர் அச்சங்கத்தோடு ஏதோவொரு வகையிற் தொடர்புடையவராக இருந்தனர். அத்தீர்ப்பை நாம் ஏற்கலாம், ஏற்காதுவிடலாம். ஒரு வகுப்பறைக் கூட்டத்தை நீதிமன்றத்தின் மேடைவரை கொண்டுசேர்த்த பொறுமையை மறுக்க முடியாது.

ஆனால், அண்மைக் காலத்தில் அப்பொறுமை அவர்களிடம் தீர்ந்துபோய்விட்டது போலத் தோன்றுகிறது. 2025 இல், அவர்கள் தரப்பின் அரசு ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்குரிய 200 கோடி டொலருக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி நிதியை நிறுத்திவைத்தது. பல்கலைக்கழகம் வழக்குத் தொடர்ந்தது. அச்செயல் சட்டத்துக்கு மாறானது என்று அவ்வாண்டு செப்டெம்பரில் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். ஹாவார்ட் 1636 இல் தோன்றியது. அமெரிக்க ஐக்கிய நாடு பிறப்பதற்கு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட முந்திய நிறுவனம். பழமையைப் பேணுவோம் என்போர் தம் நாட்டின் மிகப் பழைய கல்விக்கூடத்தின்மீது கைவைப்பதா என்று கேட்போர் அவர்கள் அணியிலேயே இருக்கின்றனர். இக்கொள்கைக்கு வித்திட்டதாகக் கூறப்படும் எட்மண்ட் பேர்க், 1790 இற் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதினார். பல தலைமுறை கட்டியதை ஒரு தலைமுறை ஆத்திரத்தில் இடித்துவிடுமே என்ற அச்சமே அந்நூலின் உயிர். நிறுவனம் நம் கையில் இல்லையெனில் அது இடிந்தாலும் குற்றமில்லை என்று கருதுவோர் பேர்க்கின் வழியினர் ஆவரா? அமெரிக்கப் பழமைவாதத்தின் வருங்காலம் இவ்வினாவுக்கு அவர்கள் சொல்லப்போகும் விடையிலேயே தங்கியுள்ளது என்பது என் கருத்து.

இனி நம்மிடம் வருவோம். அமெரிக்கா நமக்கு அவ்வளவு தொலைவான நாடன்று. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரி ஒன்றை அமைத்தனர். தமிழர்தம் பழைய நம்பிக்கைகளை அகற்றுவது அவர்கள் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் தொல்காப்பியச் சேனாவரையத்தை 1868 இலும், கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றி, அழிவின் வாயிலிருந்து நம் பழந்தமிழை மீட்டவர்களுள் முன்னவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை, அந்தச் செமினரியிற் கல்வி பயின்றவரே. பழமையை அகற்ற வந்த நிறுவனம் பழமையைக் காக்கும் கையை வளர்த்துவிட்டது!

ஆறுமுக நாவலர் வரலாறு இதனினும் தெளிவானது. பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்ற நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்னர் அச்சுக்கூடம் கண்டார், பாலபாடங்கள் எழுதினார், கோயில் மண்டபங்களிற் பிரசங்கம் செய்தார். இவை யாவும் மிஷனரிமாரிடம் அவர் கண்ட கருவிகள். மிஷன் பாடசாலையை மூடவேண்டுமென்று அவர் நாளெல்லாம் கூக்குரலிட்டுக்கொண்டிருக்கவில்லை. பக்கத்திலே தமது பாடசாலையைத் திறந்தார். பக்லியும் சட்ட மாணவரும் பின்னாளிற் செய்ததை அவர் நூறாண்டு முன்னரே செய்துவிட்டார் எனலாம்.

இங்கே ஒரு சிக்கல் தோன்றுகிறது. நாவலர் காக்க முனைந்த பழமை ஆகமப் பழமை. கண்ணகி வழிபாடு அப்பழமைக்குள் அடங்கவில்லை. அதனை அவர் ஏற்கவுமில்லை. அவருடைய காலத்திலும் அதன் பின்னரும் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களைப் பெற்றன. ஆக, மரபின் பெருங்காவலர் ஒருவரே, பாமர மக்களிடையே வாழ்ந்த மற்றொரு மரபுக்கு விடைகொடுத்தார். இதனை நான் குறைகூறும் நோக்கத்திற் சொல்லவில்லை. பழமை என்பது ஒன்றன்று. ஒரு பழமையைப் பேணுவோர் இன்னொரு பழமையைப் புறந்தள்ளவும் கூடும் என்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் மறந்துவிடுகின்றனர்.

மட்டக்களப்பிற் கண்ணகை எவ்வாறு நிலைத்தாள்? அவளுக்காக இங்கே ஒரு நாவலர் எழவில்லை. அச்சுக்கூடம் இருக்கவில்லை. அவளை நிலைக்கவைத்தவை, வண்ணக்கர், கட்டாடியார், குடிமுறை, வழக்குரை ஏட்டைப் பரம்பரையாகப் பாதுகாத்த சில குடும்பங்கள் ஆகிய எளிய ஏற்பாடுகளே. இன்ன குடிக்கு இன்ன நாட் சடங்கு. இன்ன வேலை இன்னார் பொறுப்பு. எழுதப்பட்ட யாப்பு இல்லை. ஆயினும் வைகாசி வந்தால் ஒவ்வொருவர்க்கும் தம் கடமை தெரியும். பண்டிதர் வீ. சீ. கந்தையா கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்ததும், 1964 இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற அரிய நூலை வெளியிட்டதும், இந்தக் கைகள் காத்துத் தந்தமையாலேயே இயன்றன.

இன்னொரு சான்று கூறுவேன்; சட்டம் பயில்வோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை இருந்தது போல மட்டக்களப்புக்கு முக்குவர் சட்டம் இருந்தது. சொத்து தாய்வழியே இறங்கியது. மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்றது. தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் அமைத்தனர். இன்றும் அது சட்டமாக நிலவுகிறது. முக்குவர் சட்டத்துக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1876 இல் கிறிஸ்தோபர் பிறிற்றோ அதனைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த 15 ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தோடு அது வழக்கிறந்தது. நூல் பிறந்த ஆண்டே சட்டம் மறைந்த ஆண்டாயிற்று.

சட்டம் மறைந்ததே தவிர, அதன் உள்ளுயிர் மறையவில்லை. இன்றும் இப்பகுதியில் மகள் பிறந்த வீட்டில் தந்தையும் தாயும் அவளுக்கொரு வீடு கட்டும் கவலையிலேயே காலங்கழிப்பர். மணமகன் மனைவியின் வளவுக்கு வந்து குடியிருப்பான். குடி தாய்வழியே எண்ணப்படும். ‘வயிற்றுவார்’ என்ற சொல் முதியோர் நாவில் இன்னும் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளாக எந்த நீதிமன்றமும் காவாத ஒரு வழக்கத்தைக் குடும்பம் என்ற நிறுவனம் காத்து வந்திருக்கிறது. சீதனத்துக்காகக் கடன்பட்டு நொந்த தந்தையரையும் நான் அறிவேன். ஆகவே இவ்வழக்கம் முற்றிலும் இனிமையானது என்று சொல்ல வரவில்லை. ஆனால், கணவனோடு பிணங்கினாலும் பெண்ணொருத்தி தெருவில் நிற்கவேண்டியதில்லை என்ற உறுதியை அது அளித்தது.

2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை இக்கரையை விழுங்கியது. வீடுகள் போயின. புதிய வீடுகள் எழுந்தன. அவற்றின் உறுதிகளைக் ‘குடும்பத் தலைவர்’ பெயரில் எழுதுவதே உத்தியோக வழக்கம். குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்பது அவ்வலுவலகங்களின் கணக்கு. அழிந்த வீடு மனைவியுடையது. கிடைத்த வீடு கணவனுடையது! தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை ஒரு படிவத்தின் ஒற்றை வரியிற் கைமாறியது. இதனை எதிர்த்து முதன்மையாகக் குரல் எழுப்பியவை பெண்கள் அமைப்புகள். புதுமைவாதிகள் என்று நம் பெரியோர் முகஞ்சுளிக்கும் அதே அமைப்புகள்தாம். மரபு மரபு என்று மேடைதோறும் முழங்குவோர் அன்று அலுவலக வாயிலில் நின்றதாக எனக்கு நினைவில்லை. மரபைக் காப்பவர் யார் என்று என்னைக் கேட்டால், முதலில் அந்தப் பெண்களையே சுட்டுவேன்.

அரசு பாடசாலைகளை ஏற்ற கதையும் இதனோடு சேர்த்தெண்ணத் தக்கது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆனவர். 1929 இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். 1947 இல் அவர் வெளியிட்ட யாழ்நூல், மறைந்துபோன பண்டை யாழை நவீன ஒலியியற் கணிதத்தின் துணைகொண்டு மீட்க முயன்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த நாளில், அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லச் சென்றவரும் அவரே. அவரிடம் பழமை வெறும் பெருமையாக நிற்கவில்லை; கட்டடமாயிற்று, வகுப்பாயிற்று, அடுத்த வேளை உணவில்லாத சிறுவனுக்கு விடுதியுமாயிற்று. 1960 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் உதவிபெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்குச் சென்றன. ஏழைக்கும் சம கல்வி என்ற நோக்கத்தை நான் எதிர்க்கவில்லை. ஆயினும் அதன் பின்னர் நம் சைவ அன்பர்கள் பாடசாலையை அரசின் பொருள் என்று கைகழுவிவிட்டுக் கோயிற் பரிபாலன சபைகளிலேயே முழு மூச்சோடு இறங்கிவிட்டனர். பாடசாலை அபிவிருத்திக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் சேர்வது அரிது. வண்ணக்கர் தெரிவு என்றால் ஊரே திரண்டுவிடும்.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றையும் மறைக்காமற் கூறவேண்டும். குடிமுறை, வரிசை, முன்னீடு என்பவற்றைப் புகழ்ந்து பேசும்போது, அவற்றால் வெளியே நிறுத்தப்பட்டோரை மறந்துவிடலாகாது. 1957 இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து பதினோராண்டு கழிந்த பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், ஒடுக்கப்பட்ட மக்கள் உட்செல்லாவண்ணம் தடுத்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர், கணித மேதையும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம். கல்வியிற் சிறந்தவர், தாம் நம்பிய மரபுக்காகச் சட்டத்தின் முன் நிற்கவும் அஞ்சாதவர். எனினும், அவர் அன்று காத்தது எதனை? கோயிலையா? கோயில் அன்றும் இருந்தது. அதன் பின்னரும் இருந்தது. வாசலில் நிற்கும் உரிமையொன்றையே அவர் காத்தார். எங்கள் பகுதியும் இதில் மார்தட்ட இயலாது. பறையடித்தும் துணி வெளுத்தும் சடங்கை நடத்திக்கொடுத்தவர்களுக்கு அச்சடங்கில் நாம் கொடுத்த இடம் எத்தகையது என்பது நமக்குத் தெரியும்.

கூத்தைப் பற்றியும் ஒரு சொல். 1960 களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். அம்மாணவருள் ஒருவராக ஆடிய மட்டக்களப்பு சி. மௌனகுரு பின்னர் அத்துறையின் பேராசிரியரானார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய வடமோடி, ஒன்றரை மணி நேரப் படச்சட்ட மேடைக்குச் சுருங்கியது. படித்தோர் நாணித் தள்ளிய கலைக்குப் பல்கலைக்கழகம் மதிப்பளித்தது, அது பெரும்பணி. 2000 களிற் சி. ஜெயசங்கரும் அவரைச் சார்ந்தோரும், கூத்தின் இடம் களரியே, அதை மாற்றவேண்டுவோர் அவ்வூர் மக்களே என்று கூறிச் சீலாமுனையிற் கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கினர். இவ்விரு தரப்பும் ஒன்றையொன்று கடிந்து எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். நான் சீலாமுனைப் பக்கமே சாய்வேன். மேடைக்கூத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வருகிறோம். களரிக்கூத்துக்கோ மத்தளத்தைத் தோளில் மாட்ட ஒருவர், ஏடு பார்க்க ஒருவர், ஆட்டம் பழக மாதக்கணக்கில் இரவுகளை ஒதுக்கும் பிள்ளைகள் பலர் வேண்டும். ஆனால், பல்கலைக்கழகம் தொடாதிருந்தால் இந்த விவாதமே எழுந்திராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மீண்டும் அந்த இளம் ஆசிரியரிடம் வருகிறேன். வினாவைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவரல்லர் அவர். சில மாதங்களின் பின்னர் என் வீட்டுக்கு வந்து ஒரு செய்தி கூறினார். ஓர் ஊர்க் கோயில் — ஊர்ப்பெயர் வேண்டா — வண்ணக்கர் பதவியைப் பற்றிய பிணக்கில் நெடுநாளாகக் கிடக்கிறது. இரு கட்சியாரும் மரபின் பெயராலேயே வாதிடுகின்றனர். சட்டத்தரணிகளுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு மண்டபம் கட்டியிருக்கலாம். அக்கோயிலில் வழக்குரையை இராகத்தோடு முழுதும் பாட வல்லவர் ஒருவரே எஞ்சியுள்ளார். வயது எண்பதை எட்டிவிட்டது, கண்பார்வை மங்கிவிட்டது, பாட்டு மனத்தில் இருப்பதாற் பாடுகிறார். அவருக்குப் பின் யார் என்று கேட்டால், “அதெல்லாம் அம்மாள் பார்த்துக்கொள்வா” என்று இரு கட்சியாரும் ஒரே குரலிற் சொல்கிறார்களாம். அவ்வொரு விடயத்திலேனும் ஒற்றுமை இருப்பது மகிழ்ச்சிக்குரியது.

ஆசிரியர் அம்முதியவரிடம் சென்று, கிழமைக்கு ஒரு மாலை பிள்ளைகளுக்கு வழக்குரை சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். முதியவர் உடனே இசைந்தார். வந்து சேர்ந்த பதினொரு பிள்ளைகளில் எழுவர் பெண்பிள்ளைகள். கோயில் மண்டபத்திற் பயிற்சி நடத்த அனுமதி கேட்டபோது, பெண்பிள்ளைகள் வழக்குரை பாடுவது வழக்கமில்லையே என்று ஒரு கட்சியார் தயங்கினர். மற்றக் கட்சியார், வழக்கு முடியட்டும் பார்க்கலாம் என்றனர். பாட்டுடைத் தலைவி ஒரு பெண். அரசவையில் ஏறித் தன் வழக்கைத் தானே உரைத்தவள். அவள் கதையைப் பாடப் பெண்ணுக்கு உரிமை உண்டா என்பது இப்போது சபையின் ஆலோசனையில் இருக்கிறது.

நான் சொல்லக் கூடியதைச் சொன்னேன். அனுமதிக்குக் காத்திராமல் பாடசாலை விறாந்தையிற் பயிற்சியைத் தொடங்குமாறும், ஆனால் சபையோடு பிணங்கிப் பிரிந்து வேறொரு சபை அமைக்க வேண்டாமென்றும், ஒவ்வொரு மாதமும் அதே விண்ணப்பத்தைத் தவறாது கொண்டுபோய்க் கொடுக்குமாறும் கூறினேன். அவர் அவ்வாறே செய்து வருகிறார். முதியவரைத் துவிச்சக்கர வண்டியில் ஏற்றி வருவது அப்பெண்பிள்ளைகளுள் ஒருத்தியின் தமையன். சென்ற கிழமை நானும் போயிருந்தேன். கப்பல்வைத்த காதை பாதி முடிந்திருந்தது. முதியவர் ஓர் அடியை மறந்து நின்றபோது பின்வரிசையிலிருந்த சிறுமியொருத்தி அதனை எடுத்துக் கொடுத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மேலே பாடினார். கதவு திறக்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.